வாசிக்கப்படாத மூன்றாம் ஓலை

எங்கள் குடும்பக் குறிப்பேட்டில் ஒரு பெண்ணின் வரலாறு அவள் மணமாகிப் போகும் நாளோடு முடிந்துவிடும். அதன் பிறகு அவளுடைய பிள்ளைப்பேறும் நோயும் சாவும் வேறொரு குடும்பத்தாரின் ஏட்டுக்கு உரியவை. என் அத்தை பெரியநாயகத்துக்கு அப்படியொரு நாள் வரவில்லை. ஆகவே அவரைப் பற்றி எழுதும் கடமை எங்களிடமே தங்கிவிட்டது. முன்பு எழுதியவர்கள் அவர் பெயருக்கு எதிரே பிறந்த தேதியை மட்டும் குறித்துவிட்டு, பக்கத்தின் எஞ்சிய பகுதியை வெறுமையாக விட்டிருந்தார்கள்.

என்னிடம் இருப்பவை அவர் எழுதிய இருபத்தாறு கடிதங்கள், ஒரு தந்தி, ராணுவத்தார் கொடுத்த இரண்டு ஆணைகள். இவற்றில் இல்லாததை என் தந்தை பங்கிராஸ் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் அத்தைக்கு எட்டு வயது இளைய தம்பி. அஸ்ஸாமில் நடந்தவற்றைச் சொன்னவர் அங்கே அத்தையோடு பணியாற்றிய மரிய செல்வி. அவரைத் திருச்சியில் அவருடைய கடைசி ஆண்டுகளில் இரண்டு முறை சந்தித்தேன். இரண்டு முறையும் அவர் சொன்னது ஒன்றுபோலவே இருந்ததால், அதை நம்பி இங்கே எழுதுகிறேன்.

பெரியநாயகம் 1912ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஆவூரிலிருந்து கீரனூர் போகும் வழியில் உள்ள எங்கள் ஊரில் பிறந்தார். ஆவூர் மாதாவின் பெயரே அவருக்கு வைக்கப்பட்டது. தந்தை அடைக்கலம் ஊர்க் கோயிலின் உபதேசியார். பங்குச் சாமியார் மாதம் ஒரு முறைதான் எங்கள் ஊருக்கு வருவார். மற்ற ஞாயிறுகளில் செபம் சொல்வதும், பிள்ளைகளுக்கு மந்திரம் கற்பிப்பதும், சாகக் கிடப்பவர் தலைமாட்டில் நின்று வேண்டுவதும் உபதேசியாரின் வேலை. பங்கிராஸைப் பெற்ற நான்காம் நாள் தாய் காய்ச்சலில் இறந்துபோனார். பக்கத்தில் மருத்துவம் தெரிந்த ஒரு பெண் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று கன்னியர் மடத்து அம்மாமார் சொன்னதைத் தாத்தா மறக்கவே இல்லை. 1930இல் அதே அம்மாமார் மகளைத் திருச்சியில் இருந்த ஒரு மிஷன் மருத்துவமனைக்கு நர்சுப் படிப்புக்குக் கேட்டபோது, அவர் மறுபேச்சின்றிச் சம்மதித்தார்.

அந்தச் சம்மதத்தின் பலனை அவர் அப்போது அறிந்திருக்கவில்லை. நான்கு ஆண்டுப் படிப்பு முடிந்து, அதே மருத்துவமனையில் வேலையும் கிடைத்த பிறகு, மகளுக்கு மாப்பிள்ளை தேடத் தொடங்கினார். ஆறு ஆண்டுகளில் ஐந்து வீடுகள் வந்து பேசின. ஐந்தும் ஒரே இடத்தில் நின்றன. கடைசியாக வந்த வீட்டார் சொன்னது அப்படியே என் தந்தைக்கு நினைவிருந்தது.

"பொண்ணு நல்ல பொண்ணுதான், உபதேசியாரே. ஆனா ஊரு பேரு தெரியாத ஆம்பளைக்கெல்லாம் மேலு கழுவிவிட்ட கையி. அந்தக் கையால எங்க வீட்டுல சோத்துக்கு ஒலை வைக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க."

அத்தை அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த விடுமுறை முடிந்து திருச்சிக்குத் திரும்பிய வாரத்தில், உலகப் போருக்கு ராணுவ நர்சுகளைத் திரட்டுகிறார்கள் என்ற அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பம் எழுதினார். 1940 நவம்பரில் பூனாவுக்குப் போனார். 1942இன் இறுதியில் அஸ்ஸாமில், ரயில் பாதையை ஒட்டி மூங்கிலால் எழுப்பிய ஒரு ராணுவ மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். தணிக்கை காரணமாக அந்த இடத்தின் பெயர் எந்தக் கடிதத்திலும் இல்லை. மரிய செல்வியும் அதைச் சொல்ல விரும்பவில்லை.

அங்கே எட்டு வார்டுகளும் ஏறத்தாழ ஐந்நூறு கட்டில்களும் இருந்தன. நர்சுகளில் ஆங்கிலேயப் பெண்கள் நால்வர், ஆங்கிலோ இந்தியர் ஆறு பேர், நம் நாட்டுப் பெண்கள் ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரில் தமிழ் தெரிந்தவர்கள் அத்தையும் மரிய செல்வியும் மட்டுமே. இருவரும் திருச்சியில் ஒன்றாகப் படித்தவர்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்து, பேச்சும் சிரிப்புமாகவே அந்த முதல் ஆண்டைக் கழித்தார்கள். அந்த ஆண்டின் கடிதங்களில் மழை, அட்டைக்கடி, கருவாடு கிடைக்காத குறை ஆகியவற்றைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். 1943இன் கடைசியில் ராணுவ நர்சுகளை அதிகாரிகளாக்கும் ஆணை வந்தது. அத்தையின் தோளிலும் நட்சத்திரம் ஏறியது. அதைப் பற்றி வீட்டுக்கு ஒரே வரிதான் எழுதினார்: "இனி சிப்பாய்கள் எனக்குச் சலாம் வைக்க வேண்டுமாம், நோயில் கிடப்பவர்களுக்கு அது விலக்கு."

அடுத்த ஆண்டு தாத்தாவின் கடிதம் போனது. அதில்தான் எல்லாம் தொடங்குகிறது.

1944 பிப்ரவரி 23, விபூதிப் புதன்கிழமை. அன்று தாத்தா மகளுக்கு எழுதினார்: மிஷன் பள்ளி வாத்தியார் சந்தனராஜ் உன்னைக் கேட்கிறார், மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லை, உன் எண்ணம் என்ன, தபசு காலத்து நாற்பது நாளும் முடிந்து, உயிர்ப்புத் திருநாளான பாஸ்கு கழிந்ததும் கோயிலில் ஓலை போடலாம் என்றிருக்கிறேன்.

சந்தனராஜ் அத்தைக்குத் தெரியாதவர் அல்லர். அவருடைய முதல் மனைவி 1939இல் திருச்சி மருத்துவமனையில் ஏழு வாரம் கிடந்து இறந்தார். அந்த ஏழு வாரமும் அவரைப் புரட்டிப் படுக்க வைத்துக் கழுவித் துடைத்தவர் அத்தை. ஐந்து வீட்டார் எந்தக் காரணத்துக்காக அத்தையை வேண்டாம் என்றார்களோ, அந்தக் காரணத்தைக் கண்ணால் பார்த்திருந்தும் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

ராணுவத்தில் இதற்கு ஒரு விதி இருந்தது. திருமணம் செய்துகொள்ளும் நர்சு பணியிலிருந்து விலக வேண்டும். தாத்தாவுக்கு இது தெரியும். அவரைப் பொறுத்தவரை அது தடை அல்ல, வசதி. மகள் வீட்டுக்குத் திரும்பிவிடுவாள்.

அந்தக் கடிதம் மார்ச் 20ஆம் தேதி அத்தைக்குக் கிடைத்தது. அவர் உடனே பதில் எழுதவில்லை. ஒன்பது நாள் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே வார்டுகளில் நடந்தார் என்று மரிய செல்வி சொன்னார். பத்தாம் நாள் எல்லையில் சண்டை மூண்டு காயம்பட்டவர்கள் லாரி லாரியாக வரத் தொடங்கினார்கள். ஏப்ரல் 3ஆம் தேதி, மருத்துவமனையின் மேட்ரனாக இருந்த ஆங்கிலப் பெண்மணி கடும் காய்ச்சலில் விழுந்து கல்கத்தாவுக்குக் கொண்டுபோகப்பட்டார். பணிமூப்பில் அடுத்திருந்த இருவர் வேறு முகாம்களில் இருந்தார்கள். பொறுப்பு அத்தையிடம் தரப்பட்டது. அந்த ஆணை என்னிடம் உள்ள இரண்டில் ஒன்று. அந்த மருத்துவமனையில் அதுவரை நம்மவர் எவரும் அந்த இடத்தில் இருந்ததில்லை.

அத்தையைவிட வயதில் எட்டு ஆண்டு மூத்த ஆங்கிலோ இந்திய சிஸ்டர் ஒருவர், அத்தை எழுதிய பணிப்பட்டியலில் கையெழுத்திட மறுத்தார். அத்தை அவரை அழைத்து ஒன்றும் கேட்கவில்லை. பட்டியலைக் கிழித்துப் புதிதாக எழுதினார். ஒருவரும் போக விரும்பாத சீதபேதி வார்டுக்கு எதிரே முதல் பெயராகத் தம் பெயரை எழுதி, மேட்ரனின் மற்ற வேலைகளை அதற்குப் பிறகு செய்தார். காலை ஆறு முதல் பத்துவரை மலச்சட்டிகளோடு நின்றார். பத்துக்குப் பிறகு கைகழுவி, வேறு உடுப்பு மாற்றிக்கொண்டு மருத்துவமனைத் தலைவரான கர்னலின் அறைக்குப் போனார். நான்காம் நாள் அந்தச் சிஸ்டர் பட்டியலில் கையெழுத்திட்டார். ஆனால் அவர்கள் இருவருக்கும் இடையே அதன் பிறகும் பேச்சு இருக்கவில்லை.

அத்தைக்குப் பெரிதாகப் பட்டது அந்தப் பேச்சின்மை அல்ல. மேட்ரனுக்குத் தனி அறை, தனி மேசை. நம் பெண்கள் மற்ற எட்டுப் பேரும் உண்ணும் கொட்டகையில் எப்போதும் ஒரே இரைச்சலாக இருக்கும். அத்தை அந்த வழியாகப் போனால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள், பேச்சு நின்றுவிடும். அவர் கடந்து போனதும் மீண்டும் தொடங்கும். மரிய செல்வியும் எழுந்து நிற்பவர்களில் ஒருவர். அத்தையின் கட்டில் காலியானதால் அவர் பக்கத்தில் ஒரு வங்காளிப் பெண் வந்து படுத்துக்கொண்டாள். ஏப்ரல் 10 என்று தேதியிட்ட கடிதத்தில் அத்தை இவ்வாறு எழுதியிருக்கிறார்: "நேற்று பாஸ்கு. ஐந்நூறு பேருக்கு நடுவில் இருக்கிறேன். நான் சொல்வதை எல்லோரும் கேட்கிறார்கள். என்னிடம் ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை." சந்தனராஜைப் பற்றி அந்தக் கடிதத்திலும் ஒரு சொல் இல்லை. அது ஊர் வந்து சேர்ந்தது மே மாதத்தில்.

ஊரில் தாத்தா பாஸ்குவரை பதிலுக்குக் காத்திருந்தார். வரவில்லை. இங்கே எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். மணப்பேச்சு வரும்போது பெண்ணிடம் கேட்பதே அரிது. கேட்டாலும், சம்மதமுள்ள பெண் வாய் திறக்க மாட்டாள். தலையைக் குனிந்து உள்ளே போய்விடுவாள். விருப்பமில்லாதவள்தான் அழுவாள், சோறு உண்ண மறுப்பாள், அல்லது யாரிடமாவது சொல்லி அனுப்புவாள். தாத்தா தம் இரு தங்கைகளையும் ஊரில் நாற்பது பெண்களையும் இந்த முறையில்தான் மணமேடைக்கு அனுப்பியிருந்தார். வேண்டாம் என்றால் மகள் எழுதியிருப்பாள். எழுதவில்லை. இதைவிடத் தெளிவான பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பால், தபால் மூட்டைகளின் மேல் காயம்பட்டவர்களை ஏற்றிவரும் இடத்திலிருந்து ஒரு பெண் பேசாமல் இருப்பதும், அடுப்படிக்குள் தலைகுனிந்து போவதும் அவருக்கு ஒன்றாகவே தெரிந்தன.

நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறுகள் மணமக்களின் பெயர்களைக் கோயிலில் வாசிப்பார்கள். தடை அறிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும். பனையோலை போய்க் காகிதம் வந்து பல தலைமுறை ஆன பின்னும் இதற்கு ஓலை வாசித்தல் என்றே பெயர். சாமியார் வராத ஞாயிறுகளில் எங்கள் ஊரில் இதை வாசித்தவர் உபதேசியார். ஆகவே ஏப்ரல் 16ஆம் தேதி, தம் மகளின் முதல் ஓலையைத் தாத்தாவே பீடத்தின் அருகில் நின்று வாசித்தார். திருமணம் மே 3, புதன்கிழமை என்றும் அறிவித்தார்.

மறுநாள் காலை என் தந்தை அக்காவுக்குத் தந்தி கொடுத்தார். அவர் அப்போது கீரனூர் ரயில் நிலையத்தில் தந்தி அனுப்பும் வேலையில் இருந்தார். அக்காவுக்கு எல்லாம் தெரியும் என்றே அவரும் எண்ணியிருந்தார். "முதல் ஓலை வாசித்தாயிற்று. மே மூன்று திருமணம். உடனே புறப்படவும்."

தந்தி ஏப்ரல் 20, வியாழக்கிழமை அத்தையின் கைக்குக் கிடைத்தது. மூன்றாம் ஓலைக்குப் பத்து நாள் இருந்தது. மூன்று ஓலையும் வாசித்த பின் மணம் நின்றுபோனால், அது பையனுக்கும் பெண்ணுக்கும் தீராத பழி. போவதானாலும் நிறுத்துவதானாலும் அதற்குள் செய்தாக வேண்டும்.

அத்தை கர்னலிடம் போய்ச் சொன்னார். கர்னல் நல்ல மனிதர். வளர்த்துப் பேசத் தெரியாதவர். விலகல் கடிதம் தந்தால் இன்றே கையெழுத்திடுகிறேன் என்றார். சனிக்கிழமை நோயாளிகளை ஏற்றிக்கொண்டு கல்கத்தாவுக்கு ஒரு ரயில் போகிறது, துணைக்கு ஒரு நர்சு வேண்டும், அதில் போகலாம். போகவில்லையென்றால் இந்தப் பேச்சை நான் கேட்டதாகவே வைத்துக்கொள்ள மாட்டேன் என்றும் சொன்னார். அத்தை கணக்குப் பார்த்தார். திங்கள் கல்கத்தா, வியாழன் சென்னை, வெள்ளி காலை திருச்சி, அன்றைக்கே கீரனூர். மூன்றாம் ஓலைக்கு இரண்டு நாள் முன்னதாகவே வீட்டில் இருக்கலாம்.

அன்று மாலை அவர் மரிய செல்வியைத் தம் அறைக்கு அழைத்தார். மேட்ரனான பிறகு அதுதான் முதல் முறை. தந்தியை வாசித்துவிட்டுச் செல்வி கேட்டார்.

"கல்யாணமா? ஒங்களுக்கா, மேட்ரன்?"

"ஒத்தையா இருக்கப்பவாவது பேரச் சொல்லிக் கூப்புடேன்டி."

"பேரச் சொன்னா நாளைக்குச் சீதபேதி வார்டுல போட்டுருவீங்க."

"அங்க நாந்தான் இருக்கேன். எடம் இல்ல."

செல்வி சிரித்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு பழைய குரலில் பேசினார்.

"போயிரு, நாயகம். மனுசன் ஒன்னயப் பாத்தவரு. ஒன் வேலையப் பாத்தவரு. இப்படி ஒருத்தரு இன்னொரு தரம் வருவாருன்னு நெனக்கிறியா? இங்கன என்னத்தக் கண்ட? அந்த மேசையில தனியா உக்காந்து ரொட்டியப் பிச்சுத் தின்னுக்கிட்டு."

"நான் போயிட்டா இந்த எடத்துக்கு யாரு வருவா?"

"எவளாச்சும் வரட்டும். ஒனக்கென்ன?"

"கல்யாணம்னு தந்தி வந்தா ஓடிப் போயிருவாளுகன்னு எழுதி வச்சிருவாங்கடி. இனிமே நம்மள்ல ஒருத்திக்குக் குடுக்க மாட்டாங்க. ஒனக்கும் குடுக்க மாட்டாங்க."

"எனக்கு வேணாம். நான் கேட்டனா?"

"நானுந்தான் கேக்கல."

எழுந்து போகும்போது வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டார்.

"அவரப் புடிச்சிருக்கா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

அத்தை அதற்குப் பதில் சொல்லவில்லை. அத்தை சொல்லாததை நான் எப்படிச் சொல்வேன் என்று மரிய செல்வி என்னிடம் கேட்டார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

சனிக்கிழமை நண்பகலில் ரயில் வந்து நின்றது. நூற்றிருபது நோயாளிகளை ஏற்ற வேண்டும். காயம், ஊசி போட்ட நேரம், போக வேண்டிய இடம் ஆகியவற்றை எழுதிய அட்டையை ஒவ்வொருவர் மார்பிலும் கட்டுவது மேட்ரனின் பொறுப்பு. அத்தையின் பெட்டியை ஆர்டர்லிகள் கொண்டுவந்து நடைமேடையில் வைத்திருந்தார்கள். விலகல் கடிதம் எழுதி உறையிலிடப்பட்டு, ஆனால் கொடுக்கப்படாமல், அவரிடமே இருந்தது. அதுவரை அவர் எதையும் தீர்மானித்திருக்கவில்லை என்று நான் எண்ணுவதற்கு இதுவே காரணம்.

நோயாளிகளில் மதுரைவீரன் என்று ஒருவன் இருந்தான். அரிமளத்துக்காரன், சாலை போடும் படையில் சேர்ந்து, குண்டுவீச்சில் இடதுகாலை முழங்காலுக்கு மேலே இழந்தவன். இரண்டு வாரம் ஐந்தாம் வார்டில் கிடந்தான். நம் பக்கத்துப் பேச்சுப் பேச செல்விக்கு அடுத்தபடியாக அத்தைக்கு அங்கே கிடைத்த ஆள் அவன். ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடியே நடைமேடையில் இருந்த பெட்டியைப் பார்த்தான்.

"அக்கா, நீங்களும் வாரீகளாமே? ஆர்டர்லி சொன்னான். கல்கத்தாவரைக்கும் ஒரே வண்டி. எனக்கு இனி ஊருக் கதைக்குப் பஞ்சமில்ல."

"அசையாதடா, அட்டையக் கட்டணும்."

"வாரீகளா, இல்லியா?"

"எனக்கு டிக்கெட் இல்ல."

"பட்டாளத்து வண்டிக்கு டிக்கெட்டா! எனக்கு ஒத்தக் காலுதான, அரை டிக்கெட்டுப் போதும். மிச்சம் அரையில நீங்க வாங்க."

அத்தை வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்து ஸ்ட்ரெச்சரில் இருந்தவனுக்கு அந்த நேரத்தில் கட்டு நனைந்து ரத்தம் துணிக்கு வெளியே வரத் தொடங்கியது. அவனை ஏற்றக் கூடாது என்று வண்டி மருத்துவர் சொன்னார். ஏற்றாவிட்டால் பிழைக்க மாட்டான், கல்கத்தாவில்தான் அறுவை செய்ய முடியும் என்று அத்தை சொன்னார். வாக்குவாதம் நீண்டது. அத்தை தோளிலிருந்த நட்சத்திரத்தைத் தொட்டுக்காட்டி, இது என் கட்டளை என்றார். கட்டைப் பிரித்து, தாமே இறுக்கிக் கட்டி, அவனை ஏற்றினார். துணைக்குப் போகும் நர்சு அந்தக் கட்டை வழியெல்லாம் கையால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அத்தை திரும்பிப் பார்த்து, வரிசையில் நின்ற மரிய செல்வியைப் பெயர் சொல்லி அழைத்தார்.

"செல்வி, ஏறு. கையை எடுக்காத. கல்கத்தாவுல டாக்டரு கையில ஒப்படைச்சிட்டு அடுத்த வண்டியில திரும்பி வந்துரு."

"ஏறுங்க, நீங்கதான போகணும்?"

"நான் போனா இங்க அடுத்த லாரிய யாரு பாப்பா? ஏறுடி!"

செல்வி ஏறினார். வண்டி நகர்ந்தபோது மதுரைவீரன் சன்னல் வழியே கையை நீட்டினான். அத்தை பெட்டியை ஆர்டர்லியிடம் சுட்டிக்காட்டிவிட்டு, அடுத்து வந்து நின்ற லாரியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை என்று செல்வி சொன்னார்.

அன்று மாலை அத்தை அனுப்பிய தந்தி ராணுவச் செய்திகளுக்குப் பின்னால் காத்திருந்து, ஏப்ரல் 27, வியாழக்கிழமை கீரனூருக்கு வந்தது. அதற்கிடையில் இரண்டாம் ஓலையும் வாசித்தாகிவிட்டது. அந்தத் தந்தியைக் காதால் கேட்டுக் கையால் எழுதியவர் என் தந்தையே. அவர் எழுதிய அந்தத் தாள்தான் என்னிடம் உள்ளது. ஆங்கிலத்தில் பதினொரு சொற்கள். தமிழில் அதன் பொருள் இது: "மூன்றாம் ஓலை வாசிக்க வேண்டாம். தடை சொல்பவள் நானே. பெரியநாயகம்."

தந்தை வேலை முடிந்து சைக்கிளில் ஊருக்குப் போய்த் தாத்தாவின் கையில் அதைக் கொடுத்தார். தாத்தாவுக்கு ஆங்கிலம் தெரியாது. மகன் இரண்டு முறை வாசித்துச் சொன்னார்.

"தடையா? யாரு சொல்றா தடை?"

"அக்காதாம்ப்பா."

"அவ எப்படிச் சொல்லுவா? அவதான பொண்ணு?" என்றார் தாத்தா. பிறகு, "எழுதலியேடா. வேணாம்னு ஒரு வார்த்த எழுதலியே" என்று அதையே பலமுறை சொன்னார்.

மூன்றாம் ஞாயிறு கோயிலில் இரண்டு ஓலைகள் இருந்தன. தாத்தா வேறொரு வீட்டாருடையதை வாசித்தார். மற்றதை மடித்துச் செபப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, விசுவாசப் பிரமாணத்தைத் தொடங்கினார். செபம் முடிந்து வெளியே வந்ததும் செல்லமுத்து என்பவர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்.

"என்ன உபதேசியாரே, ஒரு ஓலை கொறையுதே? கண்ணு மங்கிருச்சா?"

"தடை வந்திருக்கு."

"யாரு சொன்னா?"

"பொண்ணே சொல்லிருச்சு."

யாரோ சிரித்தார்கள். சந்தனராஜ் வாத்தியார் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். தாத்தா அவரிடம் போய் நின்றார். வாத்தியாரே பேசினார்.

"நான் அவங்களுக்கு ஒரு கடுதாசி போட்டுக் கேட்டிருக்கணுங்க. நீங்க கேட்டுட்டீங்கன்னு நான் இருந்துட்டேன். அவங்க சொல்லிட்டாங்கன்னு நீங்க இருந்துட்டீங்க."

அடுத்த ஆண்டு அவர் கீரமங்கலத்துப் பள்ளிக்கு மாற்றலாகி, அங்கேயே ஒரு குடும்பத்தில் மணம் செய்துகொண்டார். தாத்தா ஓலை வாசிப்பதை நிறுத்திவிட்டார். சாமியார் வரும் ஞாயிறுவரை ஓலைகள் காத்திருந்தன. இரண்டு ஆண்டுகள் அவர் மகளுக்கு எழுதவில்லை. இந்த இரண்டு ஆண்டுகளில் அத்தை எழுதிய கடிதங்கள் ஒன்பது, எல்லாம் தம்பிக்கு. மருத்துவமனை எழுநூறு கட்டில்களாக வளர்ந்ததும், மேட்ரன் பதவி அவருக்கு நிலையாக்கப்பட்டதும் அவற்றில் இருக்கின்றன. போர் முடிந்ததும் மரிய செல்வி விலகித் திருச்சிக்குப் போய்விட்டார். அதைச் சொல்லும் கடிதம் நான்கு வரிதான்.

1946 ஜூலையில் அத்தை பதினைந்து நாள் விடுமுறையில் ஊருக்கு வந்தார். தாத்தா அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். பேச்சு மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் நடந்தது. ஊர்ப் பெண்கள் வாசல்வரை வந்து, உடுப்பைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பதினோராம் நாள் பிற்பகலில், என் தந்தையும் உடனிருக்க, தாத்தா கேட்டார்.

"ஏம்மா, நான் போட்ட அந்தக் கடுதாசி ஒனக்கு எப்பக் கெடச்சுச்சு?"

"மார்ச்சு இருபதுப்பா."

"பாஸ்குக்கு முந்தியே."

"முந்தியேதான். ஒம்போது நாளு கையிலயே வச்சிருந்தேன். வேணாம்னு எழுதக் கை வரல."

தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப நான் நெனச்சது தப்பில்ல."

"தப்பில்லப்பா. ஆனா சரின்னும் நான் எழுதல."

"இத அன்னைக்கே எழுதியிருக்கலாமே, ஆத்தா. நான் இந்த ரெண்டு வருசமா..."

"எழுதியிருந்தா ஓலைய நிறுத்தியிருப்பீங்களா?"

தாத்தா யோசித்தார். அவர் பொய் சொல்லாதவர்.

"மாட்டேன்" என்றார்.

விடுமுறையில் நான்கு நாள் மீதமிருக்க, அத்தை மறுநாள் புறப்பட்டார். அவரை நிறுத்த ஒருவரும் முயலவில்லை. தாத்தா கீரனூர்வரை வண்டியில் வந்து, ரயில் கிளம்பும்வரை நின்றார்.

ஆகஸ்டு மாதம் தாத்தா மீண்டும் ஓலை வாசிக்கத் தொடங்கினார். ஆனால் ஒரு புதிய நிபந்தனையோடு. பெயர் கொடுக்க வருபவரிடம் தாளை வாங்கிக்கொண்டு, நேராகப் பெண் வீட்டுக்குப் போவார். வாசலில் நின்று பெண்ணை வெளியே அழைப்பார். "தலையக் குனியாத. வாயத் தொறந்து சொல்லு, ஆத்தா. சரியா, வேணாமா?" என்பார். பெண்கள் வெட்கத்தால் செத்தார்கள். தாய்மார் ஏசினார்கள். உபதேசியாருக்கு மூளை குழம்பிவிட்டது என்று ஊர் சிரித்தது. சில பெண்கள் அரைமணி நேரம் பேசாமல் நின்றார்கள். அவரும் பேசாமல் நின்றார். என் தந்தை இதை அக்காவுக்கு எழுதினார். அவர் பதிலில் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார்: "யாராவது வேண்டாம் என்று சொன்னார்களா?" இதுவரை இல்லை என்று தந்தை எழுதினார். அடுத்த ஆண்டும் அதையே அத்தை கேட்டார். தந்தை அதையே எழுதினார்.

1948 ஜனவரியில் வேளாங்கண்ணி என்ற பதினேழு வயதுப் பெண், தன் தாயும் அவளைக் கேட்டு வந்த மாமன் வீட்டாரும் சூழ்ந்து நிற்க, தாத்தாவைப் பார்த்து, "வேணாந் தாத்தா" என்றாள். தாத்தா அந்த ஓலையை மாமன் வீட்டாரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அன்றைக்கே என் தந்தை அக்காவுக்கு இரண்டு பக்கம் எழுதினார்.

அந்த நாட்களில் அத்தை ஓரிடத்தில் இருக்கவில்லை. நாடு பிரிந்த பிறகு அவரை அம்பாலாவுக்கும், அங்கிருந்து வடக்கே இரண்டு முகாம்களுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். கடிதம் அவருக்குப் பின்னாலேயே சுற்றி, மூன்று முத்திரைகளோடு மே மாதம் கீரனூருக்குத் திரும்பி வந்தது. உறை பிரிக்கப்படவில்லை. நேரில் வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று தந்தை அதை எடுத்துவைத்தார். அத்தை மறுபடி வந்தது 1949 டிசம்பரில், தாத்தாவின் அடக்கத்துக்கு. அந்தக் கூட்டத்தில், அந்த இரண்டு நாளில், வேளாங்கண்ணி சொன்னதை அக்காவிடம் சொன்னாரா இல்லையா என்று நான் கேட்டபோது என் தந்தையால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதற்குப் பின் வந்த கடிதங்களில் அத்தை அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.